வேரா ஊர்க்காரர் செய்த வாத்தியம்

அன்புள்ள ஜெசிந்தா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது வீட்டுக்குள் பிடிமானம் இல்லாமல் நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது. நான் விசாரித்ததாகச் சொல். உன்னிடம் பியானோ படிக்கிற பிள்ளைகளில் இரண்டு பேர் தேர்வில் எட்டாம் கிரேடு வரை வந்துவிட்டார்கள் என்பதும் பெரிய சந்தோஷம். நாம் அந்தத் தேர்வுக்குப் படித்த காலத்தில் உன் வீட்டுப் பியானோ மழைக்காலம் வந்தால் சுருதி இறங்கிப்போகும். இந்தப் பிள்ளைகளுக்காவது நல்ல வாத்தியம் வாய்த்திருக்கிறதே.

இங்கே எல்லோரும் நலம். பெரியவள் படிக்க வேறு ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் சமையல் பாதியாகக் குறைந்துவிட்டது. அவருக்கு ஆபீசில் லீவு கிடைத்ததும் இரண்டு பேரும் தெற்கே அல்மேரியா பக்கம் போய் வந்தோம். "இவ்வளவு வருஷம் ஸ்பெயினில் இருக்கிறாய், அந்த ஊர்ப் பியானோ இசையைப் பற்றி எனக்கு ஒரு வரி எழுதினாயா?" என்று கேட்டிருந்தாய் அல்லவா? அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம் முழுக்க.

அல்மேரியா ஐரோப்பாவிலேயே மழை மிகக் குறைந்த மூலைகளில் ஒன்று. ஒரு பக்கம் பொட்டல் மலை, மறுபக்கம் மத்தியதரைக் கடல். அந்த மாகாணத்தின் கடலோர ஊர்களை மையமாக வைத்து, ஸ்பானிய ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய வாத்தியம், கட்டையை அழுத்தினால் இறகு முனை தந்தியைச் சுண்டும்), ஆர்கன், பியானோ இசைக்கென்றே ஒரு பன்னாட்டு விழா நடக்கிறது. ஸ்பானிய மொழிப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஃபிம்தே என்பார்கள். ஹார்ப்சிகார்ட் கலைஞர் லூயிசா மொராலெஸ் 2000-ஆம் ஆண்டு தொடங்கியது. கச்சேரிகளோடு கருத்தரங்கமும் உண்டு. வாசிக்கிறவர்கள், வாத்தியம் செய்கிறவர்கள், பழைய ஏடுகளை ஆராய்கிறவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்காருவார்கள். அங்கே படிக்கப்பட்ட கட்டுரைகள் புத்தகங்களாகவும் வந்திருக்கின்றன.

இந்த விழாவுக்கு மாட்ரிட்டோ பார்சிலோனாவோ அல்லாமல் அந்தப் பொட்டல் கடற்கரை அமைந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. மொகாக்கர் என்று மலைமேல் வெள்ளை வெளேரென்று ஒரு ஊர். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் வேரா. அந்த வேராவில் 1703-இல் தியேகோ ஃபெர்னாண்டெஸ் என்பவர் பிறந்தார். ஹார்ப்சிகார்ட் செய்கிறவர். 1722 முதல் 1775 வரை, அரை நூற்றாண்டுக்கு மேலாக, ஸ்பானிய அரச குடும்பத்துக்கு வாத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். விழாவின் கருத்தரங்கத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பவும் பிடித்திருந்தது. இசை வரலாற்றில் எழுதியவர் பெயர் இருக்கும், வாசித்தவர் பெயர் இருக்கும். மரத்தை இழைத்து, தந்தி கட்டி, இறகு முனை செதுக்கிப் பொருத்தியவரை யார் நினைக்கிறார்கள்?

ஸ்கார்லட்டியை எடுத்துக்கொள். கிரேடு புத்தகங்களில் ஒன்றிரண்டு வாசித்தோமே, அதே தொமெனிக்கோ ஸ்கார்லட்டி. பாக்கும் ஹாண்டெலும் பிறந்த அதே 1685-இல் நேப்பிள்ஸில் பிறந்தவர். 1719-இல் லிஸ்பனுக்கு வந்து போர்ச்சுகல் இளவரசி மரியா பார்பராவுக்கு ஆசிரியரானார். 1729-இல் அந்தப் பெண் ஸ்பானிய இளவரசரை மணந்து வந்தபோது அவரும் கூடவே வந்தார். முதலில் செவில், நான்கு வருஷம் கழித்து மாட்ரிட். 1757-இல் இறக்கும் வரை ஸ்பெயின்தான். சொனாட்டா என்ற வகையில் 555 உருப்படிகள் எழுதினார். அவற்றில் ஒன்றுகூட அவர் கையெழுத்தில் கிடைக்கவில்லை. நமக்கு வந்து சேர்ந்தவற்றில் பெரும்பகுதி பின்னால் அரசியான மரியா பார்பராவுக்காக எழுதி வைத்த பிரதிகள். அரசி இறந்தபோது அவற்றை அரண்மனைப் பாடகர் ஃபரினெல்லிக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் இத்தாலிக்குக் கொண்டு போனார். இன்று 15 தொகுதிகள் வெனிஸ் நூலகத்தில் இருக்கின்றன. இப்படி ஒரு மாணவி கிடைத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

அரசி இறந்தபின் எடுத்த பட்டியலில் அவளிடம் 12 வாத்தியங்கள் இருந்ததாகத் தெரிகிறது. அவற்றில் ஃப்ளாரன்ஸில் செய்த பியானோக்களும் உண்டு. ஆகவே ஸ்கார்லட்டி எழுதியது பியானோவுக்கா ஹார்ப்சிகார்டுக்கா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆனால் பிற்காலச் சொனாட்டாக்கள் சிலவற்றை வாசிக்க முழு ஐந்து ஆக்டேவ், அதாவது 61 கட்டைகள் வேண்டும். அரசியின் பியானோக்களில் அத்தனை கட்டைகள் இல்லை. ஸ்பெயினில் செய்த ஹார்ப்சிகார்டுகளில் இருந்தன. வேரா ஊர்க்காரரின் பட்டறை இந்தக் கதைக்குள் வருகிற இடம் அதுதான். கை எட்டுகிற தூரத்துக்குக் கட்டை இருந்தால்தானே இசை அந்தத் தூரம் போகும்!

இன்னொன்று சொல்ல வேண்டும். ஃபரினெல்லி ஓய்வுபெற்று பொலோன்யாவில் இருந்தபோது, 1770-இல், சார்ல்ஸ் பர்னி என்ற ஆங்கிலேயர் போய்ப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஃபரினெல்லி தன் வாத்தியங்களுக்கு ஓவியர்களின் பெயரை வைத்திருந்தாராம். 1730-இல் செய்த ஃப்ளாரன்ஸ் பியானோவுக்கு ரஃபாயேல், அரசி கொடுத்த ஸ்பானிய ஹார்ப்சிகார்டுக்கு கொரெஜ்ஜோ. அந்த ஸ்பானிய வாத்தியங்களில் நம் பியானோவில் வெள்ளையாக இருக்கும் கட்டைகள் கறுப்பு. கறுப்பாக இருப்பவற்றின்மேல் முத்துச்சிப்பி பதித்திருந்தார்கள். இதைப் படித்ததிலிருந்து அப்படி ஒன்றைத் தொட்டுப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

சரி, கச்சேரிக்கு வருகிறேன். பழைய மாதிரியைப் பார்த்துச் செய்த ஹார்ப்சிகார்டில் ஒரு இளம் கலைஞர் ஸ்கார்லட்டியின் 119-ஆம் எண் சொனாட்டாவை வாசித்தார். கிர்க்பாட்ரிக் என்ற ஆய்வாளர் அந்தச் சொனாட்டாக்களுக்குக் கொடுத்த வரிசை எண் அது. இதை நான் பியானோவில் பலமுறை கேட்டவள்தான். நடுவில் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை ஒரே பிடியில் அழுத்தி, அதன்மேல் இன்னும் இன்னும் சேர்த்துக்கொண்டே போவார். பியானோவில் அது கொஞ்சம் கரகரப்பாக, தவறு மாதிரிக்கூடக் கேட்கும். ஹார்ப்சிகார்டில் அத்தனை தந்தியும் ஒரே நொடியில் சுண்டப்படும்போது கிடார்க்காரர் வெறுங்கையால் எல்லாத் தந்தியையும் வாரி அடிக்கிற ஓசை அப்படியே வந்தது. ஸ்கார்லட்டி தெருவில் கேட்டதை எழுதியிருக்கிறார் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் காதால் நம்பினேன். 490-ஆம் எண்ணில் செவில் நகரத்துப் புனித வார ஊர்வலப் பாட்டின் சாயல் இருக்கிறது என்கிறார்கள். நீ பெரிய வெள்ளிக்கு வாசிக்கிறவள். அதைத் தேடிக் கேள், உனக்குச் சட்டென்று பிடிபடும்.

தெற்கு ஸ்பெயினான அந்தலூசியாவின் இசையில் ஆதார சுரத்துக்கு அரைப்படி மேலே ஒரு சுரம் ஏங்கிக்கொண்டு நிற்கும். அடிக்கடி அதற்கு மேலே அந்தர காந்தாரம். சுரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் நம் வகுளாபரண ராகம். என் அத்தை பாடி நீ கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் உறவு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நமக்கு அந்த இசை சீக்கிரம் ஒட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மறுநாள் ஆர்கன் கச்சேரி. உன்னை எவ்வளவு நினைத்தேன் தெரியுமா? ஸ்பானிய ஆர்கனில் எக்காளக் குழாய்கள் நிமிர்ந்து நிற்பதில்லை. முகப்பிலிருந்து படுக்கை வாட்டில், கேட்கிறவர்களை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். போர்க்களத்தை இசையாக்கிய உருப்படிகளே தனி வகையாக இருக்கின்றன. அந்தக் குழாய்கள் முழங்கினால் உட்கார்ந்திருக்கிற பலகை அதிர்கிறது. அப்புறம் ஸ்டாப்புகளை, அதாவது ஒவ்வொரு குரலுக்கும் உரிய குழாய் வரிசைகளை, நடுக்கட்டையில் இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரே கீபோர்டில் இடது கைக்கு ஒரு குரல், வலது கைக்கு வேறு குரல். இரண்டாவது கீபோர்டே வேண்டாம். ஸ்பானிய ஆர்கன் கலைஞர் கொர்ரேயா தெ அராவுக்ஸோ 1626-இல் அச்சிட்ட புத்தகத்தில் இதற்கென்றே எழுதிய உருப்படிகள் நிறைய. உன் சர்ச் ஆர்கனில் கீழ்க் கீபோர்ட் வேலை செய்யவில்லை என்று புலம்பினாயே, அங்கே இருந்தபோது அதுதான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

அதே கச்சேரியில் அந்தோனியோ தெ கபெஸோனும் உண்டு. 1510-இல் பிறந்து, சின்ன வயதிலேயே பார்வை இழந்த ஆர்கன் கலைஞர். இரண்டாம் பிலிப் அரசர் இங்கிலாந்துக்குப் போனபோது அவரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இறந்து 12 வருஷம் கழித்து, 1578-இல், மகன் எர்னாந்தோ அப்பாவின் உருப்படிகளை அச்சில் கொண்டுவந்தார். இவை அப்பாவின் மேசையிலிருந்து விழுந்த துணுக்குகள்தான் என்று முன்னுரையில் சொல்கிறார். துணுக்கே இப்படி என்றால் அந்த மனிதர் நேரில் வாசித்தது எப்படி இருந்திருக்கும்?

ஜெசிந்தா, இதை உன்னிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெரிய மேடைகளில் ஸ்பானிய இசைக்குத் துக்கடாவின் இடம்தான் கொடுக்கிறார்கள். பீத்தோவன், ஷூபர்ட் எல்லாம் முடிந்து, கைதட்டலுக்கு நன்றியாக ஒரு ஆல்பெனிஸ், ஒரு ஃபாயா. நாமும் அப்படித்தானே கற்றுக்கொண்டோம்? கபெஸோனில் தொடங்கி ஒரு நூற்றாண்டுகூட விடாமல் வந்த ஒரு மரபை, காரம் போட்ட பலகாரமாக நினைத்துவிட்டார்கள். இந்த விழாவில் அதுவே முழுக் கச்சேரி. அதனால் நடுவில் விட்டுப்போன ஆட்களும் காதில் விழுகிறார்கள். எஸ்கோரியல் மடத்துத் துறவி அந்தோனியோ சோலர், தன் மாணவனான இளவரசர் காப்ரியேலுக்காக இரண்டு ஆர்கனுக்கு எழுதிய ஆறு கான்செர்ட்டோக்கள். செவிலில் 34 வயதில் முடிந்துபோன மனுவெல் பிளாஸ்கோ தெ நெப்ராவின் சொனாட்டாக்கள். மெதுவான பகுதிகள் மனதைப் பிசைந்துவிடும். மொட்ஸார்ட் காலத்துக்காரர், யாரும் பெயர்கூடச் சொல்வதில்லை. எனக்கு அதில் கோபமே வருகிறது.

பியானோ நாளில் ஆல்பெனிஸின் 'இபேரியா' என்ற பியானோ வரிசையிலிருந்து இரண்டாம் தொகுதி. அதில் ஒரு உருப்படியின் பெயரே 'அல்மேரியா'. அந்த மண்ணிலேயே உட்கார்ந்து கேட்டோம்! ஆனால் அதை ஆல்பெனிஸ் எழுதியது ஸ்பெயினில் அல்ல, பிரான்ஸில். சிறுநீரக நோயோடு, ஊரை நினைத்து நினைத்து எழுதினார். 12 உருப்படிகளையும் முடித்து, 1909 மே மாதம், 49 வயது நிறைய 11 நாள் இருக்கும்போது இறந்துபோனார். இன்னொரு ஸ்பானிய இசையமைப்பாளர் கிரனாதோஸ் கதை உனக்குத் தெரியும். 1916-இல் நியூயார்க்கில் தன் ஓப்பெராவை அரங்கேற்றிவிட்டுத் திரும்பும் வழியில், ஆங்கிலக் கால்வாயில் கப்பல் டார்ப்பிடோவால் தாக்கப்பட்டு, மனைவியோடு மூழ்கினார். ஆனால் அவர் பார்சிலோனாவில் தொடங்கிய பள்ளியை மாணவர் ஃப்ராங்க் மார்ஷல் காப்பாற்றினார். மார்ஷலின் மாணவிதான் பியானோ கலைஞர் அலிசியா தெ லரோச்சா. இரண்டே தலைமுறையில் கைக்குக் கை வந்த பாடம். லரோச்சாவுக்குக் கை சின்னது, உன் கை மாதிரி. 'இபேரியா'வை அவரைவிட நன்றாக வாசித்தவர் எவரும் எனக்குத் தெரியாது. உன் மாணவி ஒருத்தி கை சின்னது என்று அழுகிறாள் என்றாயே, அவளிடம் இதைச் சொல்.

கடல் தாண்டிப் போன இசையையும் விடவில்லை. கியூபாவின் இக்னாசியோ செர்வாந்தெஸ் எழுதிய நடன உருப்படிகள் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு பக்கம்தான். வாசித்து முடித்தால் சிரிப்பும் ஏக்கமும் ஒன்றாக வரும். தொமெனிக்கோ ஸிப்போலியைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுத வேண்டும். இத்தாலியில் 1688-இல் பிறந்து, ரோமில் ஆர்கன் வாசித்துப் பெயர் வாங்கியவர். 1716-இல் கீபோர்ட் உருப்படிகளின் புத்தகம் அச்சிட்ட கையோடு இயேசு சபையில் சேர்ந்து, மறுவருஷமே தென் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அர்ஜென்டினாவின் கொர்தோபாவில் குருத்துவப் படிப்பு முடித்தும், குருப்பட்டம் கொடுக்க ஆயர் இல்லாமல், 1726-இல் காலமானார். அவர் இசையை பொலிவியாவின் சிக்கித்தோஸ் மிஷன்களில் அங்குள்ள பழங்குடி மக்கள் பிரதி எடுத்து, வாசித்து, தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் கோயில்களைச் செப்பனிடும்போது ஆயிரக்கணக்கான பக்கங்கள் வெளியே வந்தன.

சரி, இப்போது உன் பிள்ளைகளுக்கு. ஐந்தாம் கிரேடு பையனுக்கு ஸ்கார்லட்டியின் 32-ஆம் எண் கொடு. ஒரே பக்கம், பாட்டு மாதிரி இருக்கும். பெடலைத் தொட விடாதே. எட்டாம் கிரேடு பிள்ளைகளில் நிதானமாக வாசிக்கிறவளுக்கு 208. ஆல்பெனிஸின் டி மேஜர் டேங்கோவை அவசரப்படாமல் வாசிக்கச் சொன்னால் எவருக்கும் வரும். கிரனாதோஸ் பிள்ளைகளுக்கென்றே எழுதிய தொகுப்பும் இருக்கிறது. எல்லாவற்றையும் நோட்டாக வாங்கி, அடுத்த மாதம் ஊருக்கு வருகிற சினேகிதி கையில் கொடுத்து அனுப்புகிறேன். கபெஸோனும் கொர்ரேயாவும் உனக்கு.

உன் சர்ச் ஆர்கனில் எந்தெந்த ஸ்டாப் இன்னும் பேசுகிறது, கட்டைகள் எத்தனை என்று பார்த்து உடனே எழுது. அதற்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கிறேன். எக்காளம் மாதிரி ஒலிக்கிற ரீட் ஸ்டாப் ஒன்றாவது உயிரோடு இருந்தால் போதும்.

அம்மாவுக்கு என் அன்பு. ஸ்டீபன் அண்ணனையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கலா
மாட்ரிட்