வெளிக் கேபிளில் உள்ள பழுதைச் சரிசெய்யாமல் ரவுட்டரை மாற்றச் சொல்வது குறித்த புகார்

அனுப்புநர்:
வீட்டு இணைய இணைப்பு வாடிக்கையாளர்,
கல்மண்டபம் அருகில், ராயபுரம்,
சென்னை – 600 013.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
இணையச் சேவை நிறுவனம்,
சென்னை.

பொருள்: ஃபைபர் இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படுதல் – கம்பத்தில் உள்ள தற்காலிக ஜாயிண்டை நிரந்தரமாகச் சரிசெய்தல் – பழுது நீங்காமலே புகாரை முடித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பை என் வீட்டில் பயன்படுத்தி வருகிறேன். மாதக் கட்டணத்தையும் அதன் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியையும் தவறாமல் முன்கூட்டியே செலுத்தி வருகிறேன். சில மாதங்களுக்கு முன்பு, துறைமுகம் செல்லும் சாலையில் நெரிசல் என்று எங்கள் தெருவுக்குள் திரும்பிய பார லாரி ஒன்று, குறுக்கே தாழ்வாகத் தொங்கிக்கொண்டிருந்த கேபிளை இழுத்து அறுத்துவிட்டது. அதைச் சரிசெய்ய வந்த தங்கள் லைன்மேன், அறுந்த இரு முனைகளையும் தெருவிளக்குக் கம்பத்தின் அருகிலேயே கனெக்டர் போட்டுச் சேர்த்து, மேலே கருப்பு டேப்பைச் சுற்றிக் கம்பத்தில் கட்டிவிட்டு, இது தற்காலிக ஏற்பாடுதான் என்றும், இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்பிளைசிங் மெஷினுடன் வேறொருவர் வந்து நிரந்தரமாக ஒட்டிவிடுவார் என்றும் சொல்லிச் சென்றார். அந்த வேறொருவர் இன்றுவரை வரவில்லை. என் புகாரின் வேர் இதுதான்.

அன்று முதல் இணைப்பு காலையில் ஓரளவு ஒழுங்காக இருக்கிறது. நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று வீசத் தொடங்கியதும் அறுபடத் தொடங்குகிறது. ரவுட்டரில் 'லாஸ்' என்று குறித்துள்ள, ஒளி வரவில்லை என்பதைக் காட்டும் விளக்கு சிவப்பாக மின்னும், சில நிமிடங்களில் தானே அணையும், மீண்டும் மின்னும். மழை பெய்த நாட்களில் காலையிலேயே சிவந்துவிடுகிறது. கப்பல் சரக்குகளுக்கான சுங்க ஆவணங்களை இணையவழியில் தாக்கல் செய்வது என் தொழில். பிற்பகலில்தான் அந்த வேலை குவியும். பாதித் தாக்கலில் இணைப்பு போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பதையும், ஆவணம் தாமதமானால் சரக்கு நகராது என்பதையும் விரித்துச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பழுது எங்கே இருக்கிறது என்பதை என்னால் இயன்ற அளவு சோதித்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். வைஃபையைத் தவிர்த்துவிட்டு, லேன் கேபிள் மூலம் கணினியை நேரடியாக ரவுட்டரில் இணைத்துப் பார்த்தேன். துண்டிப்பு நேரும்போது ரவுட்டரின் முகவரியான 192.168.1.1-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) கொடுத்தால் பதில் உடனுக்குடன் வருகிறது; வெளி முகவரி எதற்கும் பதில் இல்லை. ஆகவே வீட்டுக்குள் இருக்கும் கேபிளும் கணினியும் ரவுட்டரின் உள்பகுதியும் ஒழுங்காகவே வேலை செய்கின்றன. அடுத்ததாக, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் காட்டப்படும் ஒளி வரவின் அளவைக் குறித்து வைத்தேன். காற்று அடங்கிய காலை வேளையில் அது −22 டிபிஎம் (ஒளியின் ஆற்றலை டெசிபல் கணக்கில் சொல்லும் அலகு) அளவில் நிற்கிறது. பிற்பகலில், விளக்கு சிவப்பதற்குச் சற்று முன், −28-ஐ எட்டுகிறது; அதாவது 6 டெசிபல் குறைகிறது. 3 டெசிபல் குறைந்தாலே ஒளியின் ஆற்றல் பாதியாகிவிடும் என்பதால், காலையில் வரும் ஒளியில் கால் பங்குதான் அப்போது வீட்டுக்கு வந்து சேர்கிறது. இவ்வகைச் சாதனங்கள் பொதுவாக −27 டிபிஎம் வரையிலான வரவுக்கே உறுதி அளிப்பவை என்பதைத் தங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் என்னைவிட நன்கு அறிவார்கள்.

பக்கத்து வீட்டாரும் தங்கள் வாடிக்கையாளர்தான். அவருடைய கேபிளும் அதே கம்பத்தில் உள்ள அதே இணைப்புப் பெட்டியிலிருந்துதான் பிரிகிறது. ஆனால் என் விளக்கு சிவந்திருக்கும் நேரத்திலும் அவருக்கு இணையம் தடையின்றி ஓடுகிறது. எனவே பெட்டிக்கு வரும் முதன்மை லைனில் பழுது இருக்க வாய்ப்பில்லை. தங்கள் ஊழியர் ஒருவரே கையோடு கொண்டுவந்த வேறொரு ரவுட்டரை மாட்டிப் பார்த்தார். அதிலும் சற்று நேரத்தில் அதே சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சியிருப்பது பெட்டியிலிருந்து என் வீட்டுக்கு வரும் கேபிளும், அதன் நடுவே காற்றில் ஆடிக்கொண்டிருக்கும் டேப் சுற்றிய ஜாயிண்டும் மட்டுமே. கனெக்டரில் இரண்டு இழைகளின் முனைகள் வெறுமனே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றை உருக்கி ஒட்டினால்தான் ஒரே இழையாகும். தொட்டுக்கொண்டிருக்கும் முனைகள் அசைந்தாலோ, இடையில் ஈரமோ தூசியோ புகுந்தாலோ ஒளி சிதறத்தான் செய்யும்.

இவ்வளவையும் தங்கள் உதவி மையத்தில் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் எனக்குக் கிடைப்பது, ரவுட்டரை அணைத்துவிட்டுச் சில நிமிடம் கழித்துப் போடுங்கள் என்ற ஒரே அறிவுரை. சிவப்பு விளக்கு தானாகவே அணைந்துவிடும் பழுதில் இந்த அறிவுரை எப்போதும் பலித்ததுபோலவே தோன்றும். மறுமுனையில் இருப்பவர் புகாரை முடிப்பதற்கும் அது வசதியாக இருக்கிறது. அன்று மாலைக்குள் 'தங்கள் புகார் சரிசெய்யப்பட்டது' என்ற குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. மறுநாள் அழைத்தால் புதிய புகார் எண், மீண்டும் அதே கேள்விகள். பழைய புகார்களின் விவரம் புதிதாகப் பேசுபவர் கண்ணில் படுகிறதா என்பதே ஐயமாக இருக்கிறது. (நேரில் வரும் களப் பணியாளர்கள் கனிவாகவே நடந்துகொள்கிறார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். அவர்களில் பலரிடம் ஒளி அளக்கும் பவர் மீட்டர்கூட இல்லை. அது அவர்கள் குற்றமன்று.)

இப்போது இறுதியாகக் கூறப்படுவது, என் ரவுட்டர் பழைய மாடல் என்றும், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வசதியுள்ள புதியதை ரூ.2,500 கட்டி வாங்கிக்கொண்டால் சரியாகிவிடும் என்றும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நிறைந்த எங்கள் பகுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நெரிசலாக இருப்பது உண்மைதான். ஒன்றன்மீது ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே இருக்கும்போது, இத்தனை வீட்டு வைஃபைகளும் அவற்றைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த நெரிசலால் வேகம் குறையுமே தவிர, லாஸ் விளக்கு சிவக்காது. அந்த விளக்கு வைஃபையைப் பற்றியதே அல்ல. வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா?

ஆகவே நான் கேட்பவை இவை. பவர் மீட்டருடன் ஒருவரை, காலையில் அல்லாமல் பிற்பகலில், அனுப்பிப் பெட்டியின் முனையிலும் என் வீட்டின் முனையிலும் அளவெடுக்கச் செய்து, இரண்டு அளவுகளையும் எனக்கு எழுத்தில் தர வேண்டும். டேப் சுற்றிய ஜாயிண்டை அகற்றிவிட்டு, பெட்டியிலிருந்து வீடு வரை இடையில் ஒட்டு இல்லாத புதிய கேபிளை, லாரிகளுக்கு எட்டாத உயரத்தில் இழுத்துத் தர வேண்டும். அது இயலாவிட்டால் ஜாயிண்டை முறையாக ஸ்பிளைசிங் செய்து மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். புதிய ரவுட்டருக்கான கட்டணக் கோரிக்கையைத் திரும்பப் பெற்று, சேவை தடைபட்ட காலத்துக்கான வாடகையை அடுத்த பில்லில் கழிக்க வேண்டும். துண்டிப்பு விவரங்கள் தங்கள் சர்வர் பதிவுகளிலேயே நேரத்துடன் இருக்கும் என்பதால் கணக்கிடுவதில் சிரமம் இராது. என் ஒப்புதல் இல்லாமல் இந்தப் புகாரை முடிக்கக் கூடாது.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் வெளியிட்ட நுகர்வோர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி, புகார் மையத்தில் தீர்வு கிடைக்காதவர்கள் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியை அணுகலாம். தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாடுகளை நுகர்வோர் ஆணையங்களும் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியுள்ளது. இந்தக் கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் மேற்கண்ட பணிகள் தொடங்கப்படாவிட்டால், முதலில் மேல்முறையீடு செய்வேன். அதன் பிறகும் பயனில்லை எனில் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். இதுவரையிலான புகார் எண்கள், குறுஞ்செய்திகள், ஒளி அளவு காட்டும் திரைப் படங்கள், கம்பத்தில் உள்ள ஜாயிண்டின் புகைப்படம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். களப் பணியாளர் வரும் நாளை முந்தைய நாளே தெரிவித்தால், பிற்பகலில் நான் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ராயபுரம், சென்னை.