கத்தியை மறந்துவிட்டுப் போன தம்பிமாருக்கு

முல்லைத்தீவு தாண்டி, சுண்டிக்குளத்துக்கு நேரே, நடுச்சாமத்தில் எங்கள் பாய்ப்படகுக்கு உதவிக்கு வந்த மூன்று தம்பிமாருக்கும்,

உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டது என் பிழை. படகின் இலக்கத்தையாவது பார்த்திருக்கலாம். அமாவாசை இருட்டில் அதுவும் தெரியவில்லை. அதனால்தான் ஊரறிய இந்த நன்றி மடல். வாசிக்கிற யாராவது உங்களிடம் சொல்லுவார்கள் என்று நம்புகிறேன்.

நடந்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். படகு என் மருமகனுடையது, 36 அடி. தாய்லாந்தில் வாங்கி, கடல் தாண்டித் திருகோணமலை வரை கொண்டுவந்துவிட்டார். "காங்கேசன்துறை மட்டும் என்னோட வாறியளோ மாமா?" என்று கேட்டார். வல்வெட்டித்துறையில் பிறந்தவனுக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை பாய்விரித்துப் போனது. என் பாட்டனார் ரங்கூன் ஓடியவர். நானோ கச்சேரியில், அதாவது அரச அலுவலகத்தில், கோப்புப் புரட்டியவன். 63 வயது வரை பாய்க்கயிற்றைத் தொட்டதில்லை.

மத்தியானம் புறப்பட்டோம். நூறு கடல்மைலுக்குக் கொஞ்சம் கூடுதலான ஓட்டம். சோழகம், அந்தத் தென்மேற்குக் காற்று, தரைப்பக்கமிருந்து அடித்ததால் காற்று இருந்தும் அலை எழும்பவில்லை. படகு வலப்பக்கம் சாய்ந்தபடி ஐந்து நொட்டில், மணிக்கு ஐந்து கடல்மைல் வேகத்தில், ஓடிக்கொண்டே இருந்தது. பத்தரை மணிபோல முள்ளிவாய்க்காலுக்கு நேரே வந்தபோது மருமகன் கதையை நிறுத்திவிட்டார். நானும் கதைக்கவில்லை. கரையில் நாலைந்து விளக்குகள் மட்டும்.

பன்னிரண்டு மணிக்கு என் காவல். படுக்கப் போகுமுன் மருமகன் துருவ வெள்ளியைக் காட்டினார். எங்கள் பக்கத்தில் அது நன்றாகப் பதிந்துதான் நிற்கும். கையை நீட்டி முட்டி பிடித்தால் கடலுக்கும் வெள்ளிக்கும் நடுவே ஒரு முட்டிதான் கொள்ளும். "அதை வலப்பக்கக் கம்பிக்கு மேல வைச்சிருங்கோ, போதும்" என்றார். வைத்திருந்தேன். ஒரு மணிக்குக் காற்று விழுந்தது, எஞ்சினைப் போட்டுவிட்டு அவர் மறுபடி படுத்தார். நான் வெள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன், கடலைப் பார்க்கவில்லை. முன்னால் ஒரு சின்ன விளக்கு தெரிந்தது. தூரத்துப் படகு என்று நினைத்தேன். அது உங்கள் வலை முனையில் மிதந்த விளக்கு. தூரத்திலும் இல்லை.

எஞ்சின் இரண்டு தரம் முக்கி நின்றது.

வலையைக் கிழித்தவனிடம் "கண் தெரியேல்லையோ?" என்றுதான் எவரும் கேட்பார்கள். நீங்கள் கிட்ட வந்து கேட்டது, "ஆருக்கும் காயமோ ஐயா?" அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னேனோ என்றுகூட இப்போது நினைவில்லை.

உங்களில் இளையவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். டோர்ச் பிடித்தது நான். கை நடுங்கியதால் வெளிச்சமும் நடுங்கியது, அதற்கும் மன்னிக்க வேண்டும். ஆறு தரம் மூழ்கி எழும்பினார். எஞ்சின் விசிறித் தண்டில் சுற்றிய வலை நைலோன் சூட்டில் உருகி இறுகி, வளையல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதைக் கத்தியால் சீவிச் சீவித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கடைசித் துண்டைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். அது கல்லுப்போல இருந்தது.

வலைக்குக் காசு நீட்டினேன். "பொத்தலாம் ஐயா, விடுங்கோ" என்று மூத்தவர் கையைத் தள்ளிவிட்டார். பிளேன்ரீயும் என் அக்கா கட்டித்தந்த பொரிவிளாங்காயும்தான் வாங்கினீர்கள். அக்கா உருட்டியது பல்லை உடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

திருகோணமலையில் தண்ணீரும் டீசலும் சுமந்துதந்த அயல் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நன்றி. பருத்தித்துறை வெளிச்சவீட்டைச் சுற்றி மேற்கே திரும்பியதும் அதே சோழகம் முகத்தில் அடிக்கத் தொடங்கியது. மிச்சப் பன்னிரண்டு மைலுக்கு நாலு மணித்தியாலம் போயிற்று. அதில் பாதி நேரம் நான் வாளியோடு. காங்கேசன்துறையில் வானொலியில் பொறுமையாக வழிசொன்ன குரலுக்கும், கயிறு வாங்கிக் கட்டிய கைகளுக்கும் நன்றி.

தம்பிமாரே, உங்கள் கத்தி எங்கள் படகில் கிடந்தது. பிடியில் நீல நைலோன் நூல் சுற்றியது, நுனி கொஞ்சம் முறிந்தது. கழுவி, எண்ணெய் பூசி, வலைக்குரிய காசோடு எடுத்து வைத்திருக்கிறேன். வல்வெட்டித்துறைப் பக்கம் வந்தால், சுண்டிக்குளத்தில் வலையைக் கிழித்த கிழவன் வீடு எது என்று சந்தியில் கேளுங்கோ. இப்போது எல்லோருக்கும் தெரியும்.