வெள்ளகவிப் பாதையில் செருப்பைக் கழற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையேற்றம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இளைஞர்கள் லீவு கிடைத்தால் மலைப்பக்கம் நடக்கக் கிளம்புகிறார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் கட்டுரை முழுக்க எந்த உச்சி, எவ்வளவு உயரம், எத்தனை மணி நேரத்தில் ஏறினார்கள் என்பதுதான் இருந்தது. கால் வைத்து நடக்கிற பாதையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 45 வருடமாக ஒரே பாதையில் ஏறி இறங்குகிறவன் என்ற உரிமையில் அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

நான் பெரியகுளத்துக்காரன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கும்பக்கரை அருவி. அங்கிருந்து மலையேறினால் வெள்ளகவி, அதற்கும் மேலே வட்டக்கானல், அப்புறம் கோடைக்கானல். இந்த ஒற்றையடிப் பாதை பொழுதுபோக்குக்காகப் போட்டதில்லை. 1821-இல் லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி பழனி மலைத்தொடரை அளக்க வந்தபோது வெள்ளகவி வழியாகத்தான் மேலே ஏறினார். 1845-இல் அமெரிக்க மிஷனரிமார் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோதும் பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்துதான் ஏற வேண்டியிருந்தது. நடக்க முடியாதவர்களை நாற்காலியில் உட்கார வைத்து நம் ஆட்கள் தோளில் சுமந்தார்கள். வத்தலக்குண்டு பக்கமிருந்து மோட்டார் ரோடு வரும்வரை இப்படி ஏறியவர்களின் சாமான்களெல்லாம் மனிதர் முதுகிலும் குதிரை முதுகிலும்தான் போயிருக்கின்றன. அந்தக் கால்களும் குளம்புகளும் மிதித்து மழமழவென்று ஆன கல்லை இன்றைக்கும் சில திருப்பங்களில் காட்ட முடியும்.

அப்பா மாங்காய் மண்டியில் கணக்கு எழுதினார். மாங்காய் சீசன் ஓய்ந்த பிறகு கமலா ஆரஞ்சு விலை பேச வெள்ளகவிக்குப் போவார். எனக்குப் பதினாறு வயதில் முதல் தடவையாகக் கூட்டிப் போனார். விடிவதற்கு முன்பே கிளம்பினோம். அடிவாரத்தில் முள்ளும் காய்ந்த புல்லுமாக இருக்கும். வெயில் ஏறுவதற்குள் அந்தப் பகுதியைத் தாண்டிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. அப்புறம் பெரிய மரங்கள் வந்து, நிழல் வந்து, காப்பித் தோட்டத்து வாசனை வந்தது. "மேலே எவ்வளவு தூரம்னு பார்க்காதே, காலடியைப் பார்த்து நட. பேசும்போது மூச்சு வாங்கினா வேகம் அதிகம்னு அர்த்தம்" என்றார். இன்றுவரை எனக்கு அந்த அளவுகோல்தான். ஏற்றத்தில் பக்கத்தில் வருகிறவரோடு சாதாரணமாகப் பேச முடிகிற வேகத்தில் போனால், அறுபது வயதுக்காரரும் சாயங்காலத்துக்குள் வட்டக்கானல் போய்ச் சேரலாம். முதல் ஒரு மணி நேரம் ஓட்டமாக ஏறியவர்கள்தான் நடுவில் பாறையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

மெதுவாக நடந்தால் கிடைப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓடை குறுக்கிடும் ஓர் இடத்தில் எப்போதும் கால் மணி நேரம் சும்மா நிற்பேன். முதல் ஐந்து நிமிடம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். அப்புறம் எங்கிருந்தோ சீகாரப் பூங்குருவி விசிலடிக்கும். மனிதர் ஒருவர் கவனமில்லாமல் ஏதோ ஒரு மெட்டை இழுத்து இழுத்துப் பாடுவதுபோலவே இருக்கும். முதல் தடவை நான் யாரோ வருகிறார்கள் என்றே நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். தலைக்கு மேல் மலை அணில் ஒன்று கிளைக்குக் கிளை தாவும். அது கடித்துப் போட்ட பழத்தோல் நம் முன்னால் விழும். ஒரு மார்கழியில் கருமந்திக் கூட்டம் ஒன்று எதிர்ச்சரிவில் வெயில் காய்ந்ததைப் பார்த்தேன். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் கண்ணை மூடி முகத்தைச் சூரியனுக்குக் காட்டியபடி உட்கார்ந்திருந்தது. கேமரா எடுத்துப் போகவில்லையே என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பாதையின் நடுவில் ஓர் ஊர் இருக்கிறது. வெள்ளகவியில் வீடும் கோயிலும் நெருக்கமாகக் கலந்திருக்கும். எது சாமியின் இடம், எது மனிதரின் இடம் என்று பிரிக்க முடியாது. அதனால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வெளியூர்க்காரர் யார் போனாலும் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பஸ், கார் பார்க்காத ஊராகவே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். காப்பி, பட்டர் ஃப்ரூட், எலுமிச்சை எல்லாம் குதிரையில் இறங்கும். அரிசியும் பருப்பும் குதிரையில் ஏறும். பிரசவ வலி வந்த பெண்ணை டோலி கட்டித் தூக்கிப்போன கதை அங்கே வீட்டுக்கு ஒன்று உண்டு. நமக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாகசமாக இருக்கும் இந்த ஏற்றம், அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் போகும் வழி.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த எல்லையில் நடந்ததை நேரில் பார்த்தேன். முப்பது பேர் இருக்கும், ஒரு குழுவாக வந்தார்கள். முதுகுப்பையில் ஸ்பீக்கர் தொங்க, பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எந்தப் பறவை நிற்கும்? கூட்டி வந்தவர் செருப்பு விஷயத்தை முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை போல. ஷூவோடு உள்ளே நடந்தவர்களை ஒரு பாட்டி மறித்து, "சாமி, கழட்டிக் கையில வச்சுக்கங்கய்யா, ஊருக்கு ஆகாது" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். ஒருவர் அந்தப் பாட்டியையே படம் பிடித்தார். எனக்கு நெஞ்சு கொதித்தது. ஆனால் அதே குழுவில் ஒரு பெண், கல்லூரி வயதுதான் இருக்கும், சட்டென்று குனிந்து ஷூவைக் கழற்றிவிட்டு, "மன்னிச்சுக்கங்க பாட்டி, தெரியாது" என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். ஸ்பீக்கரும் நின்றது. பாட்டி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார வைத்து வெல்லம் போட்ட கடுங்காப்பி கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் சொல்ல ஆள் இல்லாததால் வருவதுதான். எங்கள் தேனி மாவட்டத்தில் 2018 மார்ச் 11-ஐ யாரும் மறக்க முடியாது. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கியவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். மார்ச் மாதம் எங்கள் சரிவுகளில் புல் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நிற்கும். மேட்டை நோக்கிப் போகும் தீயை எந்தக் காலாலும் முந்த முடியாது, ஏனென்றால் அதன் சூடு மேலே இருக்கும் புல்லை முன்னாலேயே காயவைத்துவிடும். அதனால்தான் தீ வந்தால் மேல் நோக்கி ஓடாதே, புல் இல்லாத பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து முடிந்த தரைக்கோ போய்விடு என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். மலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் கிளம்பும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். மாசி, பங்குனியில் காட்டுக்குள் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. மழை ஓய்ந்து தை பிறந்தபின் வாருங்கள். ஓடையில் தண்ணீர் இருக்கும், புல்லில் பச்சை இருக்கும்.

2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்து போகும்படி திறந்தது. வட்டக்கானல் – வெள்ளகவிப் பாதையும் அதில் ஒன்று. மலையடிவாரத்துப் பழங்குடியினரையும் கிராமத்து இளைஞர்களையும் வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்து வைத்திருப்பதை மனதார வரவேற்கிறேன். கட்டணம் அதிகம் என்று முணுமுணுப்பவர்களைக் கேட்டிருக்கிறேன். காட்டுமாடு எந்த வளைவில் நிற்கும், எந்த ஊற்று கோடையிலும் வற்றாது, எந்தப் பாறை ஈரத்தில் வழுக்கும் என்று தெரிந்த ஒருவர் நம் முன்னால் நடக்கிறார். அதற்குக் கொடுக்கும் பணத்தை நான் அதிகம் என்று நினைக்கவில்லை. ஒரு தடவை பனிமூட்டத்தில் எனக்கு முன்னால் போன வழிகாட்டித் தம்பி கையை மட்டும் பின்னால் நீட்டி நிறுத்தினார். பத்தடி தூரத்தில் காட்டுமாடு ஒன்று பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. அது தானாக விலகும்வரை இருபது நிமிடம் அசையாமல் நின்றோம். தனியாகப் போயிருந்தால் நேராக அதன்மேல் போய் முட்டியிருப்பேன்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை மலைப்பாதை பற்றி எழுதும்போது, அந்தப் பாதையில் இருக்கும் ஊரில் ஒருவரிடமாவது பேசி எழுதுங்கள். அங்கே என்ன வழக்கம், எந்த மாதம் வரலாம், எந்த மாதம் வரக் கூடாது, குப்பையை எங்கே போடுவது என்று அவர்கள் வாயாலேயே வரட்டும். வெள்ளகவியில் பிளாஸ்டிக் அள்ள வண்டி வராது. ஒவ்வொரு பாட்டிலும் யாராவது முதுகில் சுமந்துதான் இறங்க வேண்டும். கொண்டுபோனவரே சுமந்து இறங்குவதுதானே நியாயம்?

தை இரண்டாம் வாரம் பேத்தியை முதல் தடவையாகக் கூட்டிப்போகிறேன். அனுமதிக்கும் வழிகாட்டிக்கும் சொல்லியாகிவிட்டது. அவளுக்கு வயது பன்னிரண்டு என்பதால் வட்டக்கானலிலிருந்து இறக்கம்தான். கால் கல்லுக்குப் பழகட்டும் என்று இப்போதே மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
பெரியகுளம் வாசகர் ஒருவர்