நீ கேட்ட அந்த வெள்ளைப் பாஸ்தா

வெள்ளவத்தை, கொழும்பு
ஞாயித்துக்கெழமை ராத்திரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லா இருக்கியா, அப்பா மாத்திரை ஒழுங்கா போடுறாரா. நாங்க நாலு பேரும் நல்லா இருக்கோம். என்னடா இவ திடீர்னு லெட்டர் எழுதுறான்னு பாக்காத, இவரு ஆபீஸ்ல ஒருத்தர் நாளான்னைக்கு மதுரைக்கு ப்ளைட்ல வர்றாரு, ஒரு மணி நேரம்தான, அவர்கிட்ட ஒரு பை குடுத்து விடுறேன், அதுக்குள்ள இதையும் வச்சிருக்கேன். வாட்ஸ்அப்ல வாய்ஸ் போட்டா நீ பாதி கேட்டுட்டு குக்கர் விசில் வந்துருச்சுன்னு போயிருவ, அப்புறம் மதினிகிட்ட தப்புத்தப்பா சொல்லுவ. பேப்பர்னா ஃபிரிட்ஜ் மேல ஒட்டிக்கலாம்.

போன வாரம் வீடியோ கால்ல பெரியவன் தட்டப் பாத்துட்டு "என்னடி இது வெள்ளையா கொழகொழன்னு, புள்ளைக்கு இதையா குடுக்குற"ன்னு கேட்ட பாரு, எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, சின்னவ அழுகுறான்னு சொல்லி போன வச்சுட்டேன். அவ அழுகவே இல்ல. இப்ப என்னடான்னா அண்ணன் மகன் லீவுக்கு வர்றான், அவனுக்கு அதே வேணுமாம், எப்படிடி செய்றதுன்னு நீயே கேக்குற. சரி சொல்றேன், ஆனா கதையோடதான் சொல்லுவேன்.

இங்க எங்க பொழப்பு எப்படின்னா, மதுரைக்கும் இதுக்கும் கடிகாரம் ஒண்ணுதான், அதனால நம்மூர் ஆபீஸ் வேலைய லேப்டாப்ல அப்படியே பாக்குறேன், தூரமா வந்தும் தப்பிக்க முடியல. வேலைய முடிச்சு நான் எந்திரிக்க சாயங்காலம் ஆறரை ஆயிரும். இவரு காலி ரோடு ட்ராஃபிக்ல மாட்டி ஏழரைக்குத்தான் வருவாரு. நடுவுல இருக்குற அந்த ஒரு மணி நேரத்துல பசங்களக் குளிக்க வச்சு, ஹோம்வொர்க் பாத்து, ராத்திரிச் சாப்பாடும் ஆகணும். கிரைண்டர் உன் வீட்டுப் பரண்ல கெடக்கு. கடையில இடியப்பம் வாங்கி சொதி (தேங்காப்பால் கொழம்பு) வச்சு சம்பலோட (நம்ம தொகையல் மாதிரி) ஒரு மாசம் ஓட்டினோம், எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு, பசங்க ஒரு வாரத்துல மூஞ்சியத் திருப்பிட்டாங்க. அப்பதான் பெரியவன் ஸ்கூல்ல யாரோ டப்பாவுல பாஸ்தா கொண்டு வந்தாங்கன்னு சொல்லி அதைப் பிடிச்சுக்கிட்டான்.

சாமான் வாங்குறதே இங்க ஒரு கூத்து தெரியுமா. தமிழ்க் கடைதான், தமிழ்தான் பேசுறாங்க, ஆனா முதல் மாசம் நான் பேந்தப் பேந்த முழிச்சேன். மரக்கறின்னா காய்கறியாம். நமக்குக் கறின்னா ஆட்டுக்கறிதான, நான் வேண்டாம் வேண்டாம்னுட்டேன். பீன்ஸுக்குப் போஞ்சி, பூண்டுக்கு உள்ளி. ஒரு நாள் கடைக்காரரு "கோவா நல்லாருக்கு அக்கா, இப்பதான் நுவரெலியாவில இருந்து வந்தது"ன்னாரு, நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஞாபகத்துல வாயெல்லாம் பல்லா கால் கிலோ போடுங்கன்னேன். அவரு கத்திய எடுத்து முட்டைக்கோஸை வெட்டுறாரு! வாங்கிட்டு வந்து பொரியல் பண்ணேன், வேற என்ன செய்ய.

முதல் தடவை பாஸ்தா செஞ்ச கதையக் கேளு. கோழிய நம்ம வழக்கப்படி தயிரு எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டு ஊற வச்சேன், அதை அப்படியே வதக்கி மேல பாலை ஊத்துனேன். நீ இப்பவே சிரிப்ப. பால் மொத்தமும் திரிஞ்சு தண்ணி தனியா பன்னீர் தனியா நின்னுச்சு, கோழி இங்க கிலோ ஆயிரத்தைத் தாண்டி விக்கிது (நம்ம ஒரு ரூபாய்க்கு இங்க மூணு ரூபாய்க்கு மேல, இருந்தாலும் ஆயிரம்னு கேட்டா பகீர்னுதான் இருக்கு), குப்பையிலயும் போட மனசில்ல. அந்த நேரம் பாத்து மேல் மாடி ஆன்டி கறிவேப்பிலை கேட்டு வந்தாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க, கொழும்புக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, உன் வயசுதான் இருக்கும். சட்டிய எட்டிப் பாத்துட்டு "பிள்ளை, பாலுக்குள்ள புளிச் சாமான் விட்டால் திரையாமல் என்ன செய்யும்"னாங்க. மறுநாள் அவங்களே வந்து பக்கத்துல நின்னு செய்ய வச்சாங்க. பாஸ்தாவும் அவங்க பழக்கமில்ல, அவங்க பேரப் புள்ளைங்களுக்காகக் கத்துக்கிட்டதாம்.

இப்ப நல்லாக் கேட்டுக்க. நாலு பேருக்கு கால் கிலோ பாஸ்தா, குழல் மாதிரி வெட்டுனது, பையில ரெண்டு பாக்கெட் வச்சிருக்கேன். மைதான்னு வையாத, இது நம்ம ரவை மாதிரி கெட்டிக் கோதுமையில செய்றது, பாக்கெட்லயே போட்டுருக்கும். ரெண்டரை லிட்டர் தண்ணி, கல்லுப்பு ரெண்டு டேபிள்ஸ்பூன், தளதளன்னு கொதிக்கணும். பாஸ்தாவப் போட்டு ரெண்டு நிமிசம் கிண்டிக்கிட்டே இரு, இல்லன்னா அடியில பிடிக்கும். அதுக்கப்புறம்தான் ஆன்டியோட வித்தை. "இப்ப மூடிப்போட்டு அடுப்பை நூர்த்து விடும்"னாங்க. நூர்த்தா? எனக்கு ஒண்ணும் புரியல, நான் பாட்டுக்குக் கிண்டுறேன், அவங்களே குமிழைத் திருகி அணைச்சாங்க. மூடிய நல்லா இறுக்கமா மூடி அப்படியே பத்துப் பன்னெண்டு நிமிசம் விட்டுட்டா அந்தச் சூட்டுலயே வெந்துருது. கேஸ் செலவே இல்ல. அடி கனமான சட்டியா இருக்கணும், நம்ம பிரியாணிச் சட்டி போதும்.

ஏன் ஆன்டி இப்படின்னு கேட்டேன். 2022ல இங்க டாலர் இல்லாம எல்லாமே நின்னு போச்சுல்ல, நீ டிவியில பாத்துட்டுப் பயந்தியே, அந்த மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லையாம். கேஸுக்கு சிலிண்டரை ரோட்டுல வரிசையா வச்சு, ரெண்டு ராத்திரி ஆள் மாத்தி ஆள் காவல் இருந்து கடைசில இல்லன்னு சொல்லிட்டாங்களாம். பால்மாவுக்கும் (பால் பவுடரத்தான் அப்படிச் சொல்றாங்க) அதே வரிசை. அன்னைலருந்து அவங்க வீட்டுல அடுப்பு தேவைக்கு மேல ஒரு நிமிசம் எரியாது, அலமாரியில பால்மா ரெண்டு பாக்கெட் எப்பவும் இருக்கும். சொல்லும்போது அழுகல, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, எனக்குத்தான் கரண்டி கையில அப்படியே நின்னுச்சு. இங்க சிலிண்டர் பன்னெண்டரை கிலோதான், நம்மளுது 14.2, நான் இப்ப ஆன்டி மாதிரியே கணக்குப் பாக்குறேன்.

பாஸ்தா மூடிக் கெடக்குற நேரத்துல மத்ததெல்லாம் முடிச்சிரலாம். எலும்பில்லாத கோழி முந்நூறு கிராம் சின்னச் சின்னதா, உப்பு மிளகுத்தூள் மட்டும், தயிர் கியிர் கிட்டவே வரப்படாது. கொஞ்சூண்டு எண்ணெயில ஓரம் செவக்க வறுத்து, ஒரு துண்டப் பிச்சுப் பாரு, உள்ள ரோஸா இல்லன்னா தனியா எடுத்து வச்சிரு. அங்கயே கெடந்தா ரப்பராயிரும். அதே சட்டியில ரெண்டு டேபிள்ஸ்பூன் வெண்ணெய், பூண்டு அஞ்சு பல்லு தட்டிப் போட்டு, கேரட் பீன்ஸ் பட்டாணி போட்டு வதக்கு. இங்க லீக்ஸ்னு ஒண்ணு கெடைக்கும், வெங்காயத் தாள் அண்ணன் மாதிரி தடியா, வதக்குனா அப்படி இனிக்கும், ஆனா இலைக்கு நடுவுல மண்ணு ஒளிஞ்சிருக்கும், பிளந்து கழுவணும். அங்க கெடைக்கலன்னா வெங்காயத் தாளே போதும்.

அடுத்து மாவு. ரெண்டு டேபிள்ஸ்பூன் மைதா தூவி (ஆமா, இதுல மட்டும் மைதா, விடு) பச்ச வாசம் போக ஒரு நிமிசம் பெரட்டிட்டு, அரை லிட்டர் பால். மொத்தமா ஊத்துன, கட்டி கட்டியா ஆயிரும். "கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கிண்டும் பிள்ளை, அவசரப்படாதேயும்"னு ஆன்டி என் கையப் பிடிச்சே கிண்டுனாங்க, முதல் அரைக் கப்பு ஊத்துனதும் களி மாதிரி திரண்டுச்சு, நான் போச்சுன்னு நெனச்சேன், இன்னும் அரைக் கப்பு ஊத்த நெகிழ்ந்துச்சு, முடிக்கும்போது கரண்டி முதுகுல பூசுனாப்ல நின்னுச்சு. விரலால கோடு போட்டா கோடு அழியாம நிக்கணும், அதான் பதம். இங்க நான் பால்மாதான், அரை லிட்டர் தண்ணிக்குக் குவிச்சு ஆறு மேசைக்கரண்டி. உனக்குக் காலைல வாசலுக்கு ஆவின் வந்துருது, குடுத்து வச்சவ.

அடுப்ப அணைச்சுட்டு சீஸ் ரெண்டு கியூப் துருவிப் போடு, கொதிக்கும்போது போடாத, நூல் நூலா இழுக்கும். கோழி, பாஸ்தா எல்லாம் கொட்டிப் பெரட்டு. பாஸ்தா வடிக்கிறப்ப ஒரு டம்ளர் தண்ணி எடுத்து வச்சுக்க, மறந்துராத, ஆறுனா இறுகிப் போகும், அதை ஊத்தித்தான் தளத்தணும். நீ பாத்தப்ப கொழகொழன்னு இருந்தது ஏன்னா, நான் அன்னைக்கு அந்தத் தண்ணிய ஜாஸ்தியா ஊத்திட்டேன், உண்மைய ஒத்துக்கிறேன்.

பெரியவன் கேரட்ட ஒண்ணொண்ணாப் பொறுக்கித் தட்டு ஓரத்துல வேலி கட்டுவான், இப்பல்லாம் துருவிப் போட்டுர்றேன், சீஸ்னு நெனச்சுத் திங்கிறான். இவருக்கு உப்புச் சப்பில்லையாம், இடிச்ச வத்தலத் தூவிக்கிட்டு மாசிச் சம்பலையும் (மாசிக் கருவாடு போட்டது) வச்சுச் சாப்புடுறாரு, பாஸ்தாவுக்குச் சம்பல், எங்கயாவது உண்டா! ஆனா நல்லாத்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை ஆன்டி வீட்டுல மரக்கறிதான், அன்னைக்குக் கோழிக்குப் பதிலாக் காளான் போட்டு ஒரு கிண்ணம் மேல அனுப்புவேன், கிண்ணம் காலியாத் திரும்பி வராது, உளுந்து வடையோ எள்ளுருண்டையோ இருக்கும். ஒரு தடவை பௌர்ணமி, போயா லீவுன்னு தெரியாமக் கோழி வாங்கப் போனேன், அந்தப் பக்கமே மூடிப் போட்டிருந்தாங்க, இப்ப காலண்டரப் பாத்து முந்தின நாளே வாங்கிர்றேன்.

பையில பாஸ்தா ரெண்டு, தேயிலை ஒண்ணு, மாசிச் சம்பல் பாட்டில் ஒண்ணு இருக்கு. பாட்டில பாலித்தீன்ல மூணு சுத்து சுத்திருக்கேன், உன் சேலைல கொட்டுனா என்னைத் திட்டாத. அப்பாவுக்குச் சம்பல் ஒரு ஸ்பூனுக்கு மேல வேண்டாம், உப்பு ஜாஸ்தி. அண்ணன் மகன் சாப்புட்டானான்னு போட்டோ போடு. அப்புறம் கிரைண்டர் விசயம், யாராவது ட்ரெய்ன்ல தூத்துக்குடி வரைக்கும் போறாங்களான்னு பாக்காத, கப்பல்லாம் வேண்டாம், அடுத்த லீவுக்கு வர்றப்ப நானே யோசிச்சுக்கிறேன்.

உன் மக