அம்மம்மா அனுப்பிய பனி

ஸ்காபரோ,
கனடா.

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே இரவு பத்து மணி. உங்களுக்கு விடிந்து எட்டரை ஆகியிருக்கும். முற்றம் கூட்டி முடித்து அடுப்படியில் நிற்பீர்கள். பிள்ளைகள் இப்போதுதான் உறங்கினார்கள். இன்று நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

காலையில் -18 பாகை. காற்றையும் சேர்த்தால் -28 போல உறைக்கும் என்று வானொலியில் சொன்னார்கள். அந்தக் குளிரில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துபோகலாம். ஆகவே எதையும் போடாமல் விட முடியாது. கம்பளிச் சட்டை, அதன்மேல் பனிக்கால்சட்டை, சப்பாத்து, ஜாக்கெட், கழுத்துச் சால்வை, தொப்பி, கடைசியாகக் கையுறை. ஒழுங்கு மாறக் கூடாது. கையுறை போட்ட பிள்ளையால் வேறொன்றையும் இழுத்துவிட முடியாது. இவர் ஐந்து மணிக்கே வேலைக்குப் போய்விடுவதால், மூத்தவளைப் பள்ளியில் விட மூன்று வயதுக்காரனையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இருவருக்கும் எல்லாவற்றையும் அணிவித்துக் கதவைத் திறந்தபோது, "அம்மா, ஒன்றுக்குப் போக வேண்டும்" என்றான் சின்னவன். கையுறையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மறுபடி உடுத்தி முடித்ததும் மூத்தவள் என் முகத்தைப் பார்த்தபடி மெதுவாக, "எனக்கும்" என்றாள்.

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது சின்னவன் ஒரு கையுறையைத் தொலைத்தான். என் சால்வையால் அவன் கையைச் சுற்றி, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கு இருபது நிமிடம் பிந்திப் போனோம். வீடு திரும்பியதும் ஒரு மூலையில் இருந்து அழலாமா என்றிருந்தது, அம்மா. இங்கே பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் ஆற முடியாது.

பின்னேரம் மூத்தவளையும் கூட்டிவந்தேன். குளிர் கடுமை என்று பள்ளியில் வெளியே விளையாட விடவில்லையாம். அந்தக் கவலையோடு வந்தாள். நான் துணி தோய்க்கக் கீழ்த்தளத்துக்கு இறங்கவும் இல்லை, குளியலறையில் உடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். வீடு ஓசையில்லாமல் இருந்தது. நீங்கள் வறுத்து, அரிதட்டில் அரித்து, ஊரிலிருந்து வந்தவர்களிடம் கொடுத்துவிட்டீர்களே, அந்தச் சிவப்பரிசி மா! மூன்று கிலோவும் கூடத்தில் கொட்டிக் கிடந்தது. அதன் நடுவே சின்னவன் மல்லாந்து படுத்துக் கைகளை விரித்து அசைத்துக்கொண்டிருந்தான். மூத்தவள் இன்னொரு பிடியை அள்ளி அவன் வயிற்றில் தூவினாள்.

எனக்கு உச்சிவரை ஏறியது. வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்: "வெளியே இருக்கிற பனி குளிரும், அம்மா. இது அம்மம்மா அனுப்பிய பனி. இது குளிராது."

சின்னவன் கண்ணிமையெல்லாம் மாவாக எழுந்து உட்கார்ந்து, "யாழ்ப்பாணத்தில் பனி சிவப்பா?" என்று கேட்டான்.

நான் அந்த மாவுக்குள்ளேயே உட்கார்ந்து கண்ணீர் வரும்வரை சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமலே மூவரும் நெடுநேரம் சிரித்தோம்.

அப்போது, போரால் ஊரே யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுதான் நினைவுக்கு வந்தது. மழைக்குள், நாவற்குழிப் பாலத்தில், அடி எடுத்து வைக்க இடமில்லாத சனத்தின் நடுவே, தம்பியின் சட்டைக்குள்ளிருந்து கோழிக்குஞ்சு கீச்சிட்டதே! நீங்கள் தலையில் பெட்டியோடு நின்று சிரித்தீர்கள். அம்மா ஏன் இப்போது சிரிக்கிறார் என்று நான் பயந்துபோனேன். இத்தனை வருடம் கழித்து இன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மேலாக இருந்த மாவை அள்ளி இரண்டு தரம் அரித்தேன். ஒரு நீத்துப்பெட்டிக்குக் கிடைத்தது. இரவு புட்டும் சம்பலும். சின்னவன் "பனிப் புட்டு" என்று மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். இனி யாராவது வந்தால் கொஞ்சம் மா கொடுத்துவிடுங்கள். அவசரமில்லை, உங்கள் கால் ஆறட்டும்.

மூத்தவள் உங்கள் வீட்டை வரைந்து தந்தாள், கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கூரையில் சிவப்பாக இருப்பது ஓடு அல்ல, அம்மா. பனி.

அன்புடன்,
உங்கள் மகள்