தரவரிசையில் தெரியாத ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் படிப்பு பற்றிய கல்வி இணைப்பைப் படித்தேன். கட்டணம், விசா, தரவரிசை எல்லாம் விவரமாகத் தந்திருந்தீர்கள். ஆனால் அமெரிக்காவின் மத்திய மேற்கில் உள்ள கல்லூரி ஊர்களை, சோளக்காட்டுக்கு நடுவே ஒன்றுமில்லாத இடங்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். அது எனக்கு வருத்தமாக இருந்தது.

ஒஹாயோவில் மகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் விரும்பிப் போகும் ஊர் ஓபர்லின். கிளீவ்லேண்டுக்குத் தென்மேற்கே இருக்கிறது, மக்கள்தொகை 8,000 சொச்சம்தான். பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அலுமினியம் பிரித்தெடுக்கும் ஹால்–ஹெரால்ட் முறையைச் சொல்லித்தராத வருடமே கிடையாது. அந்த சார்லஸ் மார்ட்டின் ஹால் ஓபர்லின் கல்லூரியில் படித்தவர். 1886 பிப்ரவரியில், 22 வயதில், தன் வீட்டு விறகுக் கொட்டகையில் தானே செய்த மின்கலங்களை வைத்து, உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் அலுமினாவை, அதாவது அலுமினிய ஆக்சைடைக் கரைத்து, மின்சாரம் செலுத்தினார். கிடைத்தவை சின்னச்சின்ன அலுமினிய மணிகள். அதே கல்லூரியில் வேதியியல் படித்த அவருடைய அக்கா ஜூலியா கூடவே இருந்து உதவினார். ஈஸ்ட் காலேஜ் தெருவில் அந்த வீடு இன்றும் இருக்கிறது. அதன் எதிரே நின்றபோது, கரும்பலகையில் நான் எழுதிய சமன்பாட்டுக்கெல்லாம் ஒரு முகவரி கிடைத்ததுபோல இருந்தது.

இந்த முறையால் சம்பாதித்த பெரும் செல்வத்தில் மூன்றில் ஒரு பங்கை ஹால் கல்லூரிக்கே எழுதிவைத்தார். ஊர் நடுவே உள்ள டாப்பன் சதுக்கத்தில் கட்டடம் எதுவும் இருக்கக் கூடாது என்பதும் அவர் விருப்பம். அப்படித்தான் இன்று அது புல்லும் மரமுமாக விரிந்து கிடக்கிறது.

இது ஓபர்லினின் ஒரு பக்கம்தான். 1833-இல் உருவான ஊர் இது. 1835-இல் கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கல்லூரி அறங்காவலர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்க, தலைவர் ஜான் கீப் போட்ட ஓட்டுதான் சேர்ப்பது என்று முடிவு செய்தது. 1837-இல் பெண்கள் ஆண்களோடு பட்டப்படிப்பில் சேர்ந்தார்கள், 1841-இல் மூன்று பெண்கள் பட்டம் வாங்கினார்கள்.

அப்புறம் 1858 செப்டம்பர். கென்டக்கியில் அடிமையாக இருந்து தப்பி வந்து ஓபர்லினில் வாழ்ந்த ஜான் பிரைஸைச் சிலர் ஏமாற்றிப் பிடித்து, பக்கத்து ஊரான வெலிங்டனில் ஒரு விடுதியில் அடைத்துவைத்தார்கள். செய்தி பரவியதும் ஓபர்லினிலிருந்து கறுப்பரும் வெள்ளையரும், மாணவர்களும் கடைக்காரர்களும் கிளம்பிப் போய் அவரை மீட்டுவந்தார்கள். ஒரு பேராசிரியர் வீட்டில் மறைத்துவைத்து, கனடாவுக்கு அனுப்பினார்கள். தப்பிய அடிமைக்கு உதவுவது அன்றைய சட்டப்படி குற்றம். 37 பேர் மீது வழக்குப் போட்டார்கள். அவர்களில் பலர் கிளீவ்லேண்டில் சிறையிலும் இருந்தார்கள்.

ஊரைக் குறையே இல்லாததாகச் சொல்ல நான் வரவில்லை. 1884-இல் இங்கே பட்டம் பெற்ற கறுப்பினப் போராளி மேரி சர்ச் டெரல், பிற்காலத்தில் தன் குடும்பத்துப் பெண்களை அதே கல்லூரியில் சேர்த்தபோது விடுதியில் நிறவேற்றுமையைக் கண்டு மனம் நொந்தார். இன்று கல்லூரியின் பிரதான நூலகம் அவர் பெயரில் இருக்கிறது. தவறியதையும் மறைக்காத ஊர் என்பதால்தான் எனக்கு அதன்மேல் மதிப்புக் கூடியது.

மதுரை வாசகர்களுக்கு இன்னொரு விஷயம். ஓபர்லினின் ஷான்சி அமைப்பு வழியாக அங்கு படித்த இளைஞர்கள் அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் வந்து தங்கிப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். ஆக, நமக்கு முன்பின் தெரியாத ஊரும் இல்லை.

ஓபர்லின் கல்லூரியின் ஆலன் கலைக்கூடத்தில் மாணவர்கள் ஒரு பருவத்துக்கு 5 டாலர் கொடுத்து அசல் ஓவியங்களை வாடகைக்கு எடுத்துத் தங்கள் அறையில் மாட்டிக்கொள்ளலாம். 1940-இல் தொடங்கிய வழக்கம். இதற்காக இரவெல்லாம் வரிசையில் காத்திருப்பார்கள். இப்படி ஒரு விஷயம் எந்தத் தரவரிசைப் பட்டியலில் வரும்?

பெற்றோர் கடன் வாங்கிப் பிள்ளையை நாலு வருடம் அனுப்பும் இடம் இது. அடுத்த இணைப்பில் ஒவ்வொரு கல்லூரியின் கட்டணத்துக்குக் கீழேயும் அந்த ஊரைப் பற்றி ஒரு பத்தி சேருங்கள். மேடிசன், ஆன் ஆர்பர், அயோவா சிட்டி என்று எழுத எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை