2024–25 ஆண்டறிக்கை: டோரேமான் பாட்டியோடு ஐந்து மாதம்

தலைவர் ஐயா, பொருளாளர் அக்கா, மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வருட அறிக்கையில் நான்கு பக்கத்துக்கு வெறும் கணக்காக வாசித்தேன், பின்வரிசையில் இரண்டு பேர் குறட்டையே விட்டார்கள். அதனால் இந்த முறை அந்தப் பகுதியை முதலிலேயே முடித்துவிடுகிறேன். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களைப் படித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்பதுதான் நம் வேலை. கேட்டு வந்த புத்தகங்களில் மூன்றைத் தவிர எல்லாம் முடிந்தன, அந்த மூன்றும் கணிதம், வடிவியல் படத்தை வாயால் எப்படிச் சொல்வது என்று இன்னும் நமக்குப் பிடிபடவில்லை. புதிதாக வாங்கிய மைக் கேபிள் இரண்டே வாரத்தில் கொரகொர என்று சத்தம் போட ஆரம்பித்தது, கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார், ஆகவே பழைய கேபிளையே சால்டரிங் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். வரவு செலவை அக்கா தனித்தாளில் கொடுத்திருக்கிறார், கேள்வி இருந்தால் அவரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

சரி, இனி உண்மையாகவே இந்த வருடம் நாம் செய்தது.

அக்டோபர் 11, ஆயுத பூஜை. மைக், ஹெட்போன், லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் பொரி கடலை பங்கிட்டுக்கொண்டிருந்தோம். அக்காவின் மகள் போனைப் பார்த்துவிட்டு, "டோரேமானுக்குக் குரல் கொடுத்த பாட்டி செத்துட்டாங்களாம்" என்றாள். நொபுயோ ஓயாமா. செப்டம்பர் 29-ஆம் தேதியே முதுமையால் காலமாகியிருக்கிறார், வயது 90, செய்தி அன்றைக்குத்தான் வெளியில் வந்தது. டோரேமான் என்ற அந்தக் கார்ட்டூன் ரோபோப் பூனையின் ஜப்பானியக் குரல் ஒரு பெண்ணுடையது என்பதே நம்மில் பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரியும். நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் டப்பிங்கில் கேட்டு வளர்ந்தவர்கள், அதற்கு அடியில் வேறொரு குரல் இருந்திருக்கும் என்று யார் யோசித்தோம்? உடனே லேப்டாப்பில் ஒரு பழைய காட்சியைப் போட்டுக் கேட்டோம். கரகரப்பான, கொஞ்சம் தடித்த, மூக்கும் தொண்டையும் சேர்ந்து பேசுவது மாதிரி ஒரு குரல். தலைவர் ஐயா இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "இந்தக் குரலோட நம்மகிட்ட வந்திருந்தா குரல் தேர்விலேயே திருப்பி அனுப்பியிருப்போம்" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் ஜூன் மாதத்தில் ஒரு அம்மாவை நாம் அப்படித்தான் அனுப்பியிருந்தோம், படிவத்தில் "கரகரப்பு" என்று எழுதியது நான்தான். பொரி வாயில் இருக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு நடக்கும் பயிற்சிக் கூட்டத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை இந்த ஒருவரின் வாழ்க்கையை மட்டும் பேசுவது என்று முடிவானது அப்படித்தான். தீர்மானம் எதுவும் எழுத்தில் போடவில்லை, அது என் தவறு, இதையே பதிவாக எடுத்துக்கொள்ளவும்.

நவம்பர் கூட்டத்தில் அவருடைய இளமைக்காலம். 1933 அக்டோபர் 16-இல் டோக்கியோவில் பிறந்தவர். நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தபோது அந்தக் குரலைக் கேட்டு மற்ற பிள்ளைகள் கேலி செய்ய, வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டாராம். பலவீனமான இடத்தைப் பொத்திப் பொத்தி வைத்தால் இன்னும் பலவீனமாகத்தான் போகும், அதையே எடுத்துப் பயன்படுத்து என்று அம்மா சொல்ல, பெண் போய்ச் சேர்ந்தது பள்ளியின் ஒலிபரப்புக் குழுவில். அந்த அம்மா மகளின் மேடையைப் பார்க்கும்வரை இருக்கவில்லை, ஓயாமா உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அப்புறம் ஹையூசா நாடகக் குழுவின் நடிப்புப் பயிற்சிப் பள்ளி, 1950-களின் பின்பாதியில் தொலைக்காட்சி, வெளிநாட்டுத் தொடர்களுக்கு டப்பிங்.

1960-இல் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே-யின் குழந்தைகள் நிகழ்ச்சியில் மூன்று பன்றிக்குட்டிகள் பொம்மலாட்டம் தொடங்கியது. மூத்தவன் பூவுக்கு இவர் குரல். கடைக்குட்டி ஊவுக்குக் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? தெத்சுகோ குரோயனாகி. ஆமாம், நம் ஊர் ஆசிரியர்கள் எல்லோரும் தமிழில் படித்துக் கொண்டாடும் டோட்டோ-சான் புத்தகத்தின் சிறுமி அவரேதான். இதைச் சொன்னதும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா எழுந்து டோட்டோ-சானைப் பற்றிப் பேச ஆரம்பித்து நாற்பது நிமிடம் உட்காரவே இல்லை, அன்றைய கூட்டம் அதோடு முடிந்தது. அதே குழந்தைகள் நிகழ்ச்சியில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அண்ணனாக வந்தவர் கெய்சுகே சகாவா. 1964-இல் அவரைத்தான் ஓயாமா மணந்தார்.

நமக்கு உபயோகமான கூட்டம் என்றால் டிசம்பர் கூட்டம். ஜப்பானில் குரல் நடிகர்களை செய்யூ என்கிறார்கள். அங்கே பதிவு நடக்கும் விதம் நம்முடையது மாதிரி ஒருவர் அறைக்குள், ஒருவர் வெளியே என்று இல்லை. ஒரு காட்சியில் வரும் அத்தனை பேரும் ஒரே கூடத்தில் இருப்பார்கள், எதிரே திரையில் படம் ஓடும், ஆளை விடக் குறைவாகத்தான் மைக் இருக்கும். தன் வசனம் வரும்போது சத்தமில்லாமல் முன்னே வந்து, பேசி, அடுத்தவருக்கு இடம் விட்டுப் பின்வாங்க வேண்டும். கையில் இருக்கும் வசனத்தாளைப் புரட்டுகிற சத்தம்கூட மைக்கில் விழக் கூடாது. இதைப் படித்துவிட்டு நாமும் நான்கு பேரை இரண்டு மைக்கோடு நிற்க வைத்துப் பார்த்தோம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஒரு உரையாடல், இரண்டே பக்கம். முதல் முயற்சியில் வளையல் சத்தம். இரண்டாவதில் செருப்பு. மூன்றாவதில் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது தலைவர் ஐயா எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார், ஹெட்போனில் அது அப்பளம் உடைகிற மாதிரி கேட்டது. அன்றிலிருந்து பக்கங்களைத் தைக்காமல் தனித்தனித் தாளாக வைத்து, படித்த தாளைப் பக்கவாட்டில் நழுவ விடுகிறோம். இந்த ஒரு மாற்றத்தால் எடிட்டிங்கில் உட்காரும் தம்பிக்குப் பாதி வேலை மிச்சம் என்று அவனே சொல்கிறான்.

டோரேமானுக்கு வருவோம். 1973-இல் ஒரு தொடர் வந்து சில மாதங்களில் நின்றுபோனது. அதில் முதலில் கோசெய் டொமிதா என்ற ஆண் குரல், பிறகு மசாகோ நொசாவா. 1979 ஏப்ரல் 2-இல் டிவி அசாகியில் புதிதாகத் தொடங்கியபோதுதான் ஓயாமா வந்தார், அப்போது வயது 45. முதலில் தினமும் பத்தே நிமிடம் ஓடும் சின்ன நிகழ்ச்சி. படைத்தவரான ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ இவர் பேசுவதைக் கேட்டுவிட்டு, டோரேமான் இப்படித்தான் பேசுமா என்று தானே இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி சொன்னாராம். எழுதியவனுக்கே கேட்காத குரலைக் கேட்க வைத்திருக்கிறார், இதற்கு மேல் என்ன விருது வேண்டும்?

அதற்குப் பிறகு 2005 மார்ச் வரை 26 வருடம். 1980-இலிருந்து 2004 வரை வருடத்துக்கு ஒன்றாக 25 திரைப்படம். தொடரின் மற்ற பாத்திரங்களில் நோபிதாவுக்கு நொரிகோ ஓஹாரா, ஷிசுகாவுக்கு மிச்சிகோ நொமுரா, ஜியானுக்கு கசுயா தாதேகாபே, சுனியோவுக்கு கனெட்டா கிமோட்சுகி, ஓயாமாவோடு சேர்த்து இந்த ஐவரும் ஏறக்குறைய அத்தனை வருடமும் ஒன்றாகவே நின்று பேசி, ஒன்றாகவே விலகினார்கள். நம் சங்கத்தில் ஐந்து பேர் ஐந்து மாதம் சேர்ந்தாற்போல வருவதே பெரிய விஷயம், பெயர் சொல்ல விரும்பவில்லை.

ஜனவரி 12 கூட்டத்துக்குப் பொங்கல் வேலையால் ஆறு பேர்தான் வந்தோம், ஆனால் சண்டை என்னவோ அன்றைக்குத்தான். டோரேமான் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காகச் செய்யப்பட்ட ரோபோ, அதற்குக் கெட்ட வார்த்தை யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது ஓயாமாவின் கட்சி. வசனத்தில் முரட்டுப் பேச்சு வந்தால் அதை மென்மையாக மாற்றியே பேசினார். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் "போகு, டோராஎமோன் தெஸ்", அதாவது "நான் டோரேமான்ங்க" என்கிற பணிவான வாக்கியமும் அந்த எண்ணத்தில் வந்ததுதான். "எழுதியதை மாற்ற இவர் யார்? நாம் ஒரு எழுத்தை மாற்றினால் பிள்ளை தேர்வில் தப்பாக எழுதும்" என்று தலைமையாசிரியர் ஐயா. "அது பாடநூல், இது பாத்திரம், இரண்டும் ஒன்றா?" என்று அக்கா. என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன், அக்கா பக்கம்தான். ஆனால் நம் விதிமுறையில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்றுதான் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும்.

டோரேமான் ஆன பிறகு வேறு கார்ட்டூன் வேடங்களைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டார், பிள்ளைகள் குழம்பக் கூடாது என்பதற்காக. அதற்கு முன்னால் வாலு பையன்கள் வேடத்தில் பெயர் எடுத்தவர், 1977-இல் சாம்போட் 3 என்ற ரோபோ தொடரின் கதாநாயகச் சிறுவன்கூட அவர்தான். அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்த மனுஷி, விலகி ஐந்து வருடம் கழித்து 2010-இல் டாங்கன்ரோன்பா என்ற வீடியோ கேமில் மோனோகுமா என்ற கரடியாக வந்தார். பாதி வெள்ளை, பாதி கறுப்பு; பள்ளிப் பிள்ளைகளை அடைத்து வைத்து ஒருவரை ஒருவர் கொல்ல வைக்கிற கரடி. பிப்ரவரி கூட்டத்தில் கல்லூரி படிக்கும் நம் உறுப்பினர் ஒருவர் அதைப் போட்டுக் காட்டினார். அதே குரல், அதே கொஞ்சல், சொல்வதெல்லாம் கொலை. அக்காவின் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு என்னவோ, 26 வருடம் நல்ல வார்த்தையே பேசிய தொண்டைக்கு அது ஒரு விடுமுறை மாதிரி இருந்திருக்கும் என்று தோன்றியது. வீடியோ கேம் அவருக்குப் புதிதும் இல்லை, பந்தால் செங்கல் உடைக்கும் ஆர்கனாய்டு விளையாட்டில் அவர் கெட்டிக்காரி என்பது ஜப்பானில் பிரசித்தம். சமையலிலும்தான், புத்தகமே போட்டிருக்கிறார்.

மார்ச் 9 கூட்டத்தில் கடைசி வருடங்கள். 2001-இல் மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, திரும்பி வந்து மறுபடி டோரேமான். 2008-இல் மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. 2012-இல் மறதிநோய் என்று தெரிந்தது. கணவர் அதை வெளியில் சொல்லாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். நாட்டில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் தெரியும் குரல் அது, மறதி என்று எப்படிச் சொல்வது? 2015 மே மாதம்தான் ஒரு வானொலி நிகழ்ச்சியில் மனம்விட்டுப் பேசினார். அதே வருடம் ஒரு புத்தகமும் எழுதினார், "மகளாகிவிட்ட மனைவி நொபுயோவுக்கு" என்று அதன் தலைப்புக்குப் பொருள் வரும். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அந்தத் தலைப்பை நான் வாசித்ததும் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது, வீட்டில் இதே நோயோடு மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து வெளியே போய், ஐந்து நிமிடம் கழித்து எல்லோருக்கும் டீ எடுத்துக்கொண்டு வந்தார்.

2016-இல் கணவருக்கே புற்றுநோய் வந்ததால் மனைவியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. 2017 ஜூலையில் அவர் முதலில் போய்விட்டார், 80 வயது. ஓயாமா இன்னும் ஏழு வருடம் இருந்தார். மோனோகுமாவை அவருக்குப் பிறகு ஏற்றுக்கொண்ட தாராகோ 2024 மார்ச்சில், 63 வயதில் காலமானார். நோபிதாவாகப் பேசிய ஓஹாரா ஜூலை 12-இல், 88 வயதில். செப்டம்பரில் இவர். டோரேமானின் குரல் 2005 ஏப்ரலிலிருந்து வசாபி மிசுதாவிடம் இருக்கிறது, அவரும் இருபது வருடத்தைத் தொட்டுவிட்டார்.

அப்புறம், ஜூனில் நாம் திருப்பி அனுப்பிய அம்மா. டிசம்பர் கூட்டம் முடிந்த மறுநாள் நானே அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் பத்து நிமிடம் உட்காரவே சொல்லவில்லை, நியாயம்தான். ஜனவரி கடைசியிலிருந்து வருகிறார், ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் நான்கு பாடம் முடித்திருக்கிறார். கேட்ட மாணவர் ஒருவர் போனில் சொன்னது: நம் பழைய பதிவுகளை இரட்டை வேகத்தில் ஓட்டினால் கீச்சுக் கீச்சென்று கேட்குமாம், இந்த அம்மாவின் குரல் அந்த வேகத்திலும் சொல் சொல்லாகப் பிரிந்து கேட்கிறதாம், மீதிப் பாடங்களையும் அவரையே படிக்கச் சொல்ல முடியுமா என்றார். குரல் தேர்வுப் படிவத்தில் "கரகரப்பு" என்ற கட்டத்தை எடுத்துவிடத் தீர்மானம் கொண்டுவருகிறேன், வழிமொழிய ஆள் வேண்டும். அந்த அம்மாவும் இங்கேதான் இருக்கிறார், தயவுசெய்து திரும்பிப் பார்க்காதீர்கள்.

அடுத்த வருடக் கூட்டங்களுக்கு மசாகோ நொசாவாவை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. 1936-இல் பிறந்தவர், 1973-இல் சில மாதம் டோரேமான், பின்னாளில் டிராகன் பால் கார்ட்டூன் தொடரின் கோகு. கோகு கத்துகிற கத்தலைப் போட்டுக் காட்டுவதற்குள் நமக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் தேவைப்படும், பொருளாளர் அக்கா கவனிக்க. வடிவியல் படங்களை எப்படிப் படிப்பது என்று தெரிந்த கணித ஆசிரியர் யாராவது உங்களுக்குப் பழக்கம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்